மலை ரயிலை ஓட வைப்பது யார்?

சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் தினமும் நள்ளிரவு தாண்டி சேலம் ஜங்ஷனைக் கடந்து போகிறது. அதில் தூங்கிக்கொண்டு போகிறவர்களில் பலர் ஊட்டிக்குப் போகிறவர்கள். காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் அங்கே காத்திருக்கும் குட்டி ரயிலில் ஏறிக்கொள்வார்கள். நீல நிறப் பெட்டிகள், பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின், குகைக்குள் நுழைந்தவுடன் குழந்தைகள் போடும் கூச்சல்... சினிமாவில் பார்த்தே எல்லோருக்கும் பழகிப்போன ரயில்தான். 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷனில் எடுக்கப்பட்டது என்று சொன்னால் உடனே ஞாபகம் வந்துவிடும்.

ஆனால் அந்த மலை ரயிலின் நிர்வாகம் சேலத்தில் இருக்கிறது என்பது சேலத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. 2007 நவம்பர் 1 அன்று தெற்கு ரயில்வேயில் சேலம் கோட்டம் உருவானது. அதுவரை பாலக்காடு கோட்டத்தின் கையில் இருந்த பல பாதைகள் சேலத்துக்கு வந்தன. அவற்றோடு சேர்ந்து வந்ததுதான் மேட்டுப்பாளையம் - உதகமண்டலம் பாதை. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஒரு ரயிலை, மாம்பழத்துக்கும் இரும்பாலைக்கும் பேர் போன சமவெளி ஊரிலிருந்து நிர்வாகம் செய்கிறார்கள்!

இந்த ரயில் பல ஆண்டுகளாக நட்டத்தில் ஓடுகிறது. வணிகவியல் படிக்கும் யாரைக் கேட்டாலும், "நட்டத்தில் ஓடும் பிரிவை மூடிவிடு" என்றுதான் பரீட்சையில் எழுதுவார்கள். அப்படியிருந்தும் இது மூடப்படவில்லை. யார் இதை ஓட வைக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேட முதலில் கொஞ்ச தூரம், அதாவது இங்கிலாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேல்ஸ் வரை போய் வர வேண்டும். ஏனென்றால், மூட வேண்டிய ரயிலைப் பொதுமக்களே எடுத்து ஓட்டலாம் என்று உலகத்துக்குக் காட்டிய முதல் ஊர் அங்கேதான் இருக்கிறது.

வேல்ஸில் தொடங்கிய கதை

டால்லின் ரயில்பாதை 1860களில் சிலேட்டுக் கல்லை ஏற்றிவரப் போடப்பட்ட பாதை. மலையில் இருக்கும் குவாரியிலிருந்து கடலோர ஊரான டவின் வரை வரும். நம் தாத்தா பாட்டி காலத்தில் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போன சிலேட்டு இருக்கிறதே, அந்தக் கல்தான். அங்கே அதை வீட்டுக் கூரைக்கும் போடுவார்கள். குவாரியையும் ரயிலையும் 1911-ல் வாங்கியவர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ். பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர்.

1946-ல் குவாரி மூடப்பட்டது. சரக்கு இல்லை என்றால் சரக்கு ரயிலுக்கு என்ன வேலை? ஆனால் ஜோன்ஸ், தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லியிருந்தார். அப்படியே ஓட்டவும் செய்தார். 1948-ல் பிரிட்டன் அரசு தனியார் ரயில்வேக்களை நாட்டுடைமை ஆக்கியபோது இந்தச் சின்னப் பாதை பட்டியலிலேயே வரவில்லை. ஸ்லீப்பர் கட்டைகள் மக்கிப்போய், புல்தான் தண்டவாளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்னும் நிலை. இருந்த 2 எஞ்சின்களில் 1 தான் ஓடும் நிலையில் இருந்தது. 1950 ஜூலையில் ஜோன்ஸ் காலமானார். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் அப்படி நினைக்கவில்லை. 1950 அக்டோபர் 11 அன்று பர்மிங்ஹாம் நகரில் ஒரு கூட்டம் போட்டார். ரயில் மேல் ஆசை உள்ளவர்கள் வாருங்கள், சேர்ந்து ஓட்டுவோம் என்றார். ஒரு சங்கம் உருவானது. ஜோன்ஸின் மனைவியும் சம்மதித்தார். பக்கத்தில் மூடப்பட்டுக் கிடந்த கோரிஸ் பாதையிலிருந்து 2 பழைய எஞ்சின்களை வாங்கினார்கள். 1951 மே 14 அன்று சங்கத்தின் முதல் ரயில் ஓடியது. தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய உலகின் முதல் ரயில் இதுதான். வார நாளெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு லீவு நாளில் வந்து புல் பிடுங்கினார்கள், கட்டை மாற்றினார்கள், டிக்கெட் கிழித்தார்கள். 'தாமஸ்' என்ற எஞ்சின் கதைகளை எழுதிப் புகழ்பெற்ற பாதிரியார் ஆட்ரிகூட ஆரம்ப காலத்தில் அங்கே வந்து வேலை செய்தவர்தான். இன்றும் அந்த ரயில் ஓடுகிறது. அதைப் பார்த்துத் தொடங்கிய பாரம்பரிய ரயில்கள் பிரிட்டனில் மட்டும் நூற்றுக்கு மேல்.

இதில் வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தின் முதல் சில பக்கங்களிலேயே 'பண மதிப்பீட்டுக் கருத்து' வந்துவிடும். பணத்தால் அளக்க முடிந்ததை மட்டும்தான் ஏட்டில் பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து சும்மா புல் பிடுங்கியவரின் உழைப்புக்குக் குறிப்பேட்டுப் பதிவு கிடையாது. அவர்களுக்குச் சம்பளம் போட்டிருந்தால் டால்லின் ரயில் முதல் வருடமே திவாலாகியிருக்கும். ஏட்டில் வராத அந்த உழைப்புதான் ரயிலைக் காப்பாற்றியது.

பிறக்கும்போதே நட்டம்

இனி நீலகிரிக்கு வருவோம். நட்டம் என்பது இந்த மலை ரயிலுக்குப் புதிதாக வந்த நோய் இல்லை. பிறவியிலேயே வந்தது.

நீலகிரிக்கு ரயில் போட வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே தொடங்கிவிட்டது. வெயில் தாங்காத ஆங்கிலேய அதிகாரிகளுக்குக் கோடையில் மலை வேண்டும். ஆனால் மலை சம்மதிக்க வேண்டுமே! சமவெளியின் அகலப்பாதை 1873-ல் மலையடிவாரமான மேட்டுப்பாளையம் வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் சாதாரண ரயில் ஏறாது, சக்கரம் வழுக்கும். சுவிட்சர்லாந்தில் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் விட்ட ரிக்கன்பாக் என்ற பொறியாளர் 1882-ல் வந்து பார்த்துத் திட்டம் சொன்னார். கம்பெனி தொடங்கி, 1891-ல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கி வைத்தார்.

மூன்றே வருடம். 1894-ல் அந்தக் கம்பெனி பணமில்லாமல் கலைக்கப்பட்டது. 1896-ல் புதுக் கம்பெனி. 1899 ஜூனில் குன்னூர் வரை ரயில் வந்தது. 1903-ல் பாதையை அரசாங்கமே வாங்கிக்கொண்டது. அரசு போட்ட பணத்தில் பாதை மேலே நீண்டு 1908 அக்டோபர் 15 அன்று ஊட்டியைத் தொட்டது. முதல் பேச்சிலிருந்து கடைசி ஸ்டேஷன் வரை 54 வருடம்! இதில் ஒரு கம்பெனி செத்தது, ஒரு கம்பெனி விற்றுவிட்டுப் போனது. லாபக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் ஊட்டிக்கு ரயிலே வந்திருக்காது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும் ரயில்

இந்த ரயில் ஏன் இவ்வளவு செலவு வைக்கிறது என்று புரிய வேண்டுமானால் அது எப்படி ஏறுகிறது என்று தெரிய வேண்டும்.

சுமார் 46 கி.மீ. பாதை. தொடங்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஏறி முடிக்கும் உயரம் 2,203 மீட்டர். நடுவில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் தொடங்கிவிடும். ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் என்பவர் கண்டுபிடித்த முறை இது. இரண்டு சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும்படி மாற்றி மாற்றிப் பொருத்தியிருப்பார்கள். எஞ்சினின் பல்சக்கரத்தில் ஏதோ ஒரு பல் எப்போதும் சட்டத்தைக் கவ்வியபடியே இருக்கும். மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் 1 அடி உயரம். இந்தியாவில் பல்சக்கரப் பாதை இது ஒன்றுதான்.

எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டு 1914 முதல் 1952 வரை தவணை தவணையாக வந்தவை. மொத்தம் 4 சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். ஏற்றத்தில், அங்கே ஒருமுறை வேலை செய்த நீராவியே மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்கும் சிக்கனம்.

எஞ்சின் எப்போதும் இறக்கப் பக்கத்தில்தான் இருக்கும். மேலே போகும்போது பின்னாலிருந்து தள்ளும், கீழே வரும்போது முன்னால் நின்று தாங்கும். இதனால் ஏறும்போது டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை சரியாகத் தெரியாது. அதற்காகவே ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முதல் பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துக் கொடி காட்ட, கடைசியில் டிரைவருக்குச் செய்தி போய்ச் சேரும். இறங்கும்போது எஞ்சின் விசில் அடிக்கும் கணக்குக்கு ஏற்ப இவர்கள் தங்கள் பெட்டியின் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். செல்போன் காலத்திலும் கொடியையும் விசிலையும் நம்பித்தான் வேலை.

இப்போது செலவைப் பாருங்கள். எஞ்சின் தள்ளக்கூடிய பெட்டிகளோ சில மட்டுமே. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறி முடிக்கக் கிட்டத்தட்ட 5 மணி நேரம். பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன், டிரைவர், பயர்மேன்கள், கார்டு, பாதையைப் பார்க்கும் கேங்மேன்கள், குன்னூர் ஷெட்டில் பிட்டர்கள் என்று ஆட்கள் நிறைய. நிலைச் செலவு மலையளவு, விற்கக்கூடிய சீட்டுகளோ கைப்பிடி அளவு. சீசனில் எல்லா சீட்டும் விற்றுத் தீர்ந்தாலும் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற புள்ளியைத் தொட முடியாது. இது நிர்வாகக் கோளாறு இல்லை, மலையின் கோளாறு.

சுற்றிலும் எல்லாம் மறைந்தபோது

1972-ல் சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி நீராவி எஞ்சினைச் செய்து முடித்தது. 1990களின் இறுதிக்குள் இந்தியாவின் வழக்கமான ரயில் போக்குவரத்திலிருந்து நீராவி அநேகமாக விடைபெற்றுவிட்டது. 1992-ல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்தால் தமிழ்நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப்பாதை ஆயின. இதனால் ஊருக்கெல்லாம் நன்மைதான், சந்தேகமில்லை. ஆனால் நீலகிரி ரயிலும் மீட்டர் கேஜ். சுற்றிலும் மீட்டர் கேஜ் இருந்தவரை சக்கரம், கட்டை, உதிரி பாகம், வேலை தெரிந்த ஆள் எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தன. மற்ற பாதைகள் மறைய மறைய மலை ரயில் தனித்தீவாகிப் போனது. நட்டத்தைவிட இந்தத் தனிமைதான் பெரிய ஆபத்து. பணம் இல்லாவிட்டால் அரசாங்கம் கொடுக்கலாம். வேலை தெரிந்தவர் இல்லாவிட்டால் யார் கொடுப்பது?

இந்த நேரத்தில்தான் ரயில் ஆர்வலர்கள் உள்ளே வருகிறார்கள். முதல் வெற்றி இமயமலையில். 1881-லிருந்து ஓடும் டார்ஜீலிங் ரயிலுக்காக 1997-ல் பிரிட்டனில் டார்ஜீலிங் இமாலய ரயில் சங்கம் தொடங்கப்பட்டது. 1999-ல் டார்ஜீலிங் ரயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோயில், கோட்டை மட்டுமல்ல, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரயிலும் பாரம்பரியச் சின்னம் ஆகலாம் என்று இந்தியாவில் எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது.

நீலகிரியிலும் அதே ஆசை பிறந்தது. ஊட்டியில் 'ஹெரிடேஜ் ஸ்டீம் சாரியட் டிரஸ்ட்' என்ற அமைப்பு மலை ரயிலுக்காகக் குரல் கொடுத்து வருகிறது. பாரம்பரிய நீராவி ரதம் என்று பொருள். பெயரே அழகு இல்லையா? இதன் நிறுவனர் கே. நடராஜன். நீராவி எஞ்சினை எடுத்துவிடக் கூடாது, பழைய ஸ்டேஷன்களின் தோற்றம் மாறக் கூடாது, கட்டணம் உள்ளூர் மக்களுக்கு எட்டாமல் போகக் கூடாது என்று மனு போடுவதும், பத்திரிகைகளுக்குச் சொல்வதும், வரலாற்றை எடுத்துச் சொல்வதும்தான் இவர்கள் வேலை. 2005 ஜூலையில் நீலகிரி மலை ரயிலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2008-ல் கால்கா - சிம்லா ரயில் சேர, மூன்றும் ஒன்றாக 'இந்தியாவின் மலை ரயில்கள்' ஆயின.

ஊட்டிக்கு முதல் ரயில் வந்த அக்டோபர் 15-ஐ இந்த ஆர்வலர்கள் மலை ரயில் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று ரயிலில் வந்து இறங்கும் பயணிகளை மலரும் இனிப்பும் கொடுத்து வரவேற்பார்கள். ஊட்டி பார்க்க வந்தவர்களுக்கு அன்று ரயிலே விருந்தாளியை உபசரிப்பது போல இருக்கும். 'இதெல்லாம் ஒரு வேலையா' என்று சிரிப்பவர்களும் உண்டு. ஆனால் பிறந்தநாள் கொண்டாட ஆள் இருக்கும் ரயிலை ஒரு கையெழுத்தில் மூடிவிடுவது யாருக்கும் சுலபமில்லை.

கரண்டி யார் கையில்?

வேல்ஸுக்கும் நீலகிரிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே ரயிலின் சொந்தக்காரர் காலமானார், ஆர்வலர்கள் கரண்டியை எடுத்து நிலக்கரி அள்ளிப் போட்டார்கள். இங்கே ரயில் அரசாங்கத்துடையது. லீவு நாளில் வந்து எஞ்சின் ஓட்டுகிறேன் என்று யாரும் ஏற முடியாது. ஏற விடவும் கூடாது, 12-க்கு 1 சரிவில் தவறு நடந்தால் கீழே பள்ளத்தாக்குதான். அதனால் இங்கே தன்னார்வலரின் வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. இந்த ரயில் ஏன் ஓட வேண்டும் என்பதை வெளியில் இருக்கும் ஆர்வலர்கள் காப்பாற்றுகிறார்கள். எப்படி ஓட்டுவது என்பதை உள்ளே இருக்கும் தொழிலாளர்கள் காப்பாற்றுகிறார்கள்.

அந்த இரண்டாவது வேலை சாதாரணம் இல்லை. எஞ்சினைச் செய்த சுவிஸ் கம்பெனியின் கடையில் போய் உதிரி பாகம் கேட்க முடியாது. தேய்ந்ததைப் பார்த்து, அளந்து, நாமே செய்துகொள்ள வேண்டும். திருச்சி பொன்மலைப் பணிமனை இந்தச் சவாலை எடுத்துக்கொண்டது. தென்னிந்திய ரயில்வே காலத்தில், 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறிய பணிமனை அது. பழைய எக்ஸ் வகையைப் பின்பற்றி எண்ணெயில் ஓடும் புது எஞ்சின்களை 2010களில் அங்கே செய்து மலைக்கு அனுப்பினார்கள். பிறகு நிலக்கரியில் ஓடும் எஞ்சினையும் செய்தார்கள். நூறு வருடத்துக்கு முன் சுவிட்சர்லாந்திலிருந்து கப்பலில் வந்த எஞ்சினுக்குத் திருச்சியில் தம்பி பிறந்தான் என்று சொல்லலாம்!

இந்தத் தொழிலாளர்கள் சம்பளம் வாங்குகிறவர்கள்தான், தன்னார்வலர்கள் இல்லை. ஆனால் எந்தப் பல் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும், மழை நாளில் எந்த வளைவில் எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்ற அறிவு சம்பளப் பட்டியலில் இல்லை. மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி வரும் சொத்து அது. கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் வியாபாரத்தை விற்கும்போதுதான் அதன் விலை தெரியும். இந்தக் கைப்பழக்கமும் அப்படித்தான். இழக்கும்போதுதான் விலை தெரியும்.

மழையும் வாடகையும்

மலை வருடா வருடம் இவர்களைப் பரீட்சித்துப் பார்க்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் மண்ணும் மரமும் பாறையும் தண்டவாளத்தில் விழும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பேய்மழையில் 40-க்கும் மேற்பட்டவர்கள் நிலச்சரிவில் உயிரிழந்தார்கள். மலை ரயில் பாதையும் பல இடங்களில் அடித்துப் போனது. பல மாதங்கள் ரயில் இல்லை. லாபம் மட்டும் பார்க்கும் நிறுவனம் அப்படியே விட்டுவிட்டுப் போக அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனாலும் பாதையைத் திரும்பக் கட்டினார்கள். 2010-ல் ரயில் மீண்டும் ஏறியது.

இன்னொரு பரீட்சை 2020-ல் வந்தது. கொரோனாவால் மார்ச்சில் ரயில் நின்றது. வழக்கமான சேவை திரும்புவதற்கு முன்பே, டிசம்பரில் ஒரு தனியார் நிறுவனம் ரயிலை வாடகைக்கு எடுத்து ஒருவருக்கு 3,000 ரூபாய் கட்டணத்தில் ஓட்டியது. உள்ளூரில் பெரிய எதிர்ப்பு. இது வாடகைப் பயணம் மட்டுமே, தனியார்மயம் இல்லை என்று ரயில்வே விளக்கம் கொடுத்தது. வாடகை வாங்கினால் நட்டம் குறையுமே, அதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இந்த ரயில் வெறும் சுற்றுலா ரயில் இல்லை. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊர் ஊராக நின்று போகும் வண்டி. உள்ளூர்க்காரர்களும் ஏறி இறங்குவது. அவர்களைக் கீழே இறக்கிவிட்டுக் காப்பாற்றும் ரயில், பாரம்பரியச் சின்னமாக இருக்கலாம், ஊரின் ரயிலாக இருக்காது. பிறகு அதற்காக மனு போடவும் யாரும் வரமாட்டார்கள்.

நாமக்கல்காரர் கேட்டால்?

கடைசியாக ஒரு சங்கடமான கேள்வி. சேலம் கோட்டத்துக்குள்ளேயே இருக்கும் நாமக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையும் லாரியும் நாடு முழுக்க அனுப்பும் ஊர். ஆனால் சேலம் - கரூர் புதுப்பாதையில் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் பயணிகள் ரயில் வந்தது 2013-ல்தான்! ஊட்டிக்கு ரயில் வந்து 105 வருடம் கழித்து. "எங்கள் ஊருக்கு ரயில் விடவே இத்தனை வருடம், ஊட்டி பொம்மை ரயிலுக்கு மட்டும் நட்டத்தில் செலவா?" என்று ஒரு நாமக்கல்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

அவர் கேட்பதில் தப்பே இல்லை. சமவெளி மக்களுக்கு ரயில் தாமதமானது உண்மை, அது சரியில்லை என்பதும் உண்மை. ஆனால் மலை ரயிலை நிறுத்தியிருந்தால் அந்தப் பணத்தில் நாமக்கல்லுக்கு ரயில் முன்னாலேயே வந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. அரசாங்கக் கணக்கு அப்படி நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. இன்னொன்று, மலை ரயிலின் நட்டம் முழுவதும் ரயில்வேயின் ஏட்டில் விழுகிறது, வரவு விழுவதோ வேறு ஏடுகளில். ரயிலுக்காகவே ஊட்டிக்கு வருகிறவர் தங்கும் அறை, குடிக்கும் டீ, வாங்கும் வர்க்கி, ஏறும் வாடகைக் கார் எல்லாம் யாரோ ஒருவரின் வருமானம். அதில் ஒரு பைசாகூட ரயில்வேயின் இலாப நட்டக் கணக்கில் வராது. செலவை ஓர் ஏட்டிலும் வரவை நூறு ஏடுகளிலும் எழுதிவிட்டு, முதல் ஏட்டை மட்டும் பார்த்து நட்டம் என்றால் அது முழுக்கணக்கு ஆகாது.

புதுப்பாதை இன்று போடாவிட்டாலும் பத்து வருடம் கழித்துப் போடலாம். நாமக்கல்லுக்குத் தாமதமாக என்றாலும் ரயில் வந்துவிட்டது. ஆனால் கொடியும் விசிலும் பார்த்துப் பிரேக் பிடிக்கத் தெரிந்த கடைசி ஆள் ஓய்வு பெற்றுப் போய்விட்டால், எத்தனை கோடி கொடுத்தாலும் அந்த வித்தையைத் திரும்ப வாங்க முடியாது. டால்லின் ரயிலில் 1950-ல் ஒரே ஒரு எஞ்சினாவது ஓடும் நிலையில் இருந்ததால்தான் அடுத்த வருடம் ரயில் விட முடிந்தது. எல்லாம் நின்று துருப்பிடித்த பிறகு வந்திருந்தால் ரோல்ட்டின் ஆசை வெறும் ஆசையாகவே போயிருக்கும்.

ஆக, மலை ரயிலை ஓட வைப்பது யார் என்ற கேள்விக்கு ஒரே ஆளைக் காட்ட முடியாது. சேலத்தில் கோப்பில் கையெழுத்துப் போடுபவர், பொன்மலையில் இரும்பைக் கடைபவர், குன்னூர் ஷெட்டில் எண்ணெய்க் கையோடு நிற்பவர், பெட்டி முன்னால் கொடி பிடிப்பவர், அக்டோபர் 15-ல் இனிப்பு கொடுப்பவர் எல்லோரும் சேர்ந்துதான். இதில் ஒரு கை விலகினாலும் ரயில் பின்னால் சரியும். நண்பர்கள் யாராவது பராமரிப்பு, சுற்றுலா, கணக்கு என்று புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால் இந்த ரயிலை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே இருக்கிறது.

2058-ல் ஊட்டிக்கு ரயில் வந்து 150 வருடம் ஆகும். அன்றைக்கு முதல் பெட்டியில் நின்று கொடி காட்டப் போகிறவர் இன்று எங்கேயோ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கலாம், இன்னும் பிறக்காமலேயே கூட இருக்கலாம். அவருக்கு அந்த வேலையைச் சொல்லித்தர அதுவரை ஓர் ஆள் விடாமல் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.